இருபதடி மாப்பிள்ளை

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டி, "கல்யாண பேனரை 20-க்கு 10 அடியில அடிங்க, முகம் பளிச்சுன்னு இருக்கணும்" என்கிறார்களே, எப்படிச் சமாளிப்பது?
— ஸ்டுடியோக்காரர் ஒருவர், எப்போதும்வென்றான்.

பதில்: கணக்கைக் காட்டுங்கள் அண்ணாச்சி. வாட்ஸ்அப் வழக்கமாகச் சுருக்கித் தரும் படம் அகலத்தில் 1600 புள்ளி இருந்தாலே பெரிது. 20 அடி என்றால் 240 அங்குலம். அங்குலத்துக்கு 7 புள்ளிகூடத் தேறாது. ஆல்பத்துக்கே 300 கேட்போம்! ரோட்டுக்கு எதிர்ப்புறம் நிற்பவருக்கு மாப்பிள்ளை மன்மதன். கிட்டே வரும் மாமியாருக்கு மூக்கு எது, மீசை எது என்றே தெரியாது. முகத்தை மட்டும் அதே அளவில் ஒரு துண்டு அடித்துக் காட்டுங்கள், பாதிப் பேர் 10 அடிக்கு இறங்கிவிடுவார்கள். மீதிப் பேரிடம் ஒரிஜினல் படத்தை 'டாக்குமெண்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், அட்வான்ஸையும் வாங்கிவிடுங்கள்.

உங்கள் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த காலண்டர் ஓவியர் கொண்டையராஜு, நாடகத் திரைச்சீலைகளும் எழுதியவர். பெரிதாக வேண்டுமென்றால் பெரிதாகவே வரைந்தார்; பிக்சல் தொல்லை இல்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

ரோட்டோரம் கட்டுவதென்றால் முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிரே போனது.