கோழிக் காலில் ஒரு குடித்தனம்

சாபம் கொடுப்பவர்கள் பொதுவாகக் கற்பனை வறட்சி உடையவர்கள். கல்லாய்ப் போ, தவளையாய்ப் போ என்பதற்கு மேல் அவர்களுடைய புத்தி ஓடுவதில்லை. ஜப்பானிய டைரக்டர் ஹயாவோ மியாசாகி 2004-ஆம் வருஷத்தில் எடுத்து வெளியிட்ட ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ என்னும் சித்திரப் படத்தில் வருகிற சூனியக்காரி மட்டும் இந்த விஷயத்தில் விதிவிலக்கு. தொப்பிக் கடையின் உள்ளறையில் தலை நிமிராமல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் 18 வயதுப் பெண் சோஃபியை அவள் ஒரே க்ஷணத்தில் 90 வயதுக் கிழவியாக்கி, அந்தச் சங்கதியை யாரிடமும் சொல்ல முடியாதபடி வாயையும் கட்டிவிட்டுப் போய்விடுகிறாள். நாம் ஐயோ பாவம் என்று பதறுவதற்குள், சபிக்கப்பட்டவள் கண்ணாடியைப் பார்த்து, உடம்பு திடமாகத்தான் இருக்கிறது, உடுத்தியிருக்கும் துணியும் இப்போதுதான் பொருத்தமாக இருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரொட்டியும் பாலாடைக் கட்டியும் முடிந்துகொண்டு மலையேறப் புறப்பட்டுவிடுகிறாள்.

முழங்கால் வலி இன்னதென்று அனுபவ பூர்வமாக அறிந்தவன் என்ற யோக்கியதையில் நான் ஒரு சாட்சிப் பத்திரம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்: எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதிலிருந்து, தடி கிடைத்ததும் பிறக்கிற அதிகார தோரணை வரைக்கும், முதுமையை இவ்வளவு துல்லியமாகத் தீட்டிய சித்திரப் படத்தை நான் கண்டதில்லை. அரண்மனைப் படிக்கட்டுக் காட்சி ஒன்று போதும். பல்லக்குத் தூக்கிகள் மந்திரம் கலைந்து வாசலிலேயே கரைந்துபோய்விட, ஸ்தூல சரீரியான சூனியக்காரி வியர்வை ஆறாகப் பெருக ஒவ்வொரு படியாக ஏறுகிறாள். அவளால் கிழவியாக்கப்பட்ட சோஃபியோ, மூச்சு இரைக்கும் நாய் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஏறுகிறாள். உலகத்தில் எத்தனையோ பந்தயங்கள் படமாக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு மூட்டுவலிகள் ஒன்றையொன்று முந்திய பந்தயம் இது ஒன்றுதான்.

அப்புறம், மலையேறிய சோஃபி போய்ச் சேருகிற அந்த நடமாடும் மாளிகை. இரும்புத் தகடு, புகைபோக்கி, பீரங்கி மூக்கு, எங்கிருந்தோ பெயர்த்து ஒட்டவைத்த வீட்டு முகப்பு இத்தனையும் சுமந்துகொண்டு, பழைய இரும்புக் கடைக்காரருடைய கிடங்கு திடீரென்று எழுந்து வாடகை கொடுக்காமல் நடந்து போவது போல, நான்கு கோழிக் கால்களில் முக்கி முனகிக்கொண்டு அது மலைச்சாரலில் நடக்கிறது. உள்ளே போனால் அடுப்பில் கால்சிஃபர் என்ற அக்கினிப் பிசாசு. மாளிகை முழுவதையும் நடத்திச் செல்லும் மகா சக்தி அதுதான். ஆனாலும் தன் தலையில் வாணலியை வைக்கக் கூடாதென்று அது பிடிக்கிற முரண்டும், மந்திரவாதி ஹவுல் வந்து பன்றிக்கறியும் முட்டையும் பொரிக்கும்போது முட்டை ஓடுகளை வாங்கி விழுங்குகிற ஆவலும் பார்த்துத் தீராதவை. சோஃபி துடைப்பத்தை எடுக்கிறாள். ஒட்டடை பறக்கிறது, சாமான்கள் பறக்கின்றன. குளிக்கும் அறை அலமாரியும் ஒழுங்கு செய்யப்படவே, மறுநாள் ஹவுலின் பொன்னிறத் தலைமயிர் நிறம் மாறிப்போய், அழகில்லாமல் உயிர் வாழ்வதில் அர்த்தமில்லை என்று அந்த மகா மாந்திரிகன் உடம்பெல்லாம் பச்சைக் களி சுரக்க உட்கார்ந்துவிடுகிறான். என் மேஜையைப் பிறர் ஒழுங்கு செய்த தினங்களில் எனக்கும் இதே மனோநிலை ஏற்பட்டதுண்டு. களி சுரக்காதது என் சரீர அமைப்பின் குறை.

இந்த இடம் வரையில் படம் நிஷ்களங்கம். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மாமியார், அந்தக் கிழவி அடுப்படியைத் துப்புரவு செய்த நேர்த்தியைக் கண்டு, பெண்ணை ஒரு பார்வையும் என்னை ஒரு பார்வையும் பார்த்தார். ஆனால் பாதிக்கு மேல் ஆகாயக் கப்பல்கள் வந்து குண்டு போடத் தொடங்கியதும் அவருடைய முகம் மாறியது.

“ஏன் மாப்பிள்ளை, யாருக்கும் யாருக்கும் சண்டை?”

“இந்த ராஜாவுக்கும் பக்கத்து ராஜாவுக்கும்.”

“எதுக்காம்?”

“பக்கத்து ராஜகுமாரனைக் காணவில்லையாம்.”

“காணாமல் போன பிள்ளையைத் தேடாமல் ஊரைக் கொளுத்தினால் கிடைச்சுடுவானா?”

மியாசாகியிடம் கேட்க வேண்டிய கேள்வி. அநியாயமாக என்னிடம் கேட்கப்பட்டது. டயானா வைன் ஜோன்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1986-இல் எழுதிய மூல நாவலில் யுத்தம் பேச்சளவில்தான் உண்டு. அதைப் படமெங்கும் பரப்பியவர் டைரக்டர். நான்கு வயதுக் குழந்தையாக உத்சுனோமியா நகரத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிய ஞாபகமும், 2003-இல் ஈராக்கின் மீது தொடுக்கப்பட்ட யுத்தம் கிளப்பிய கோபமும் அவருக்கு இருந்தன. ஆகையால் எரிகிற நகரத்தைக் காட்டும் காட்சிகளில் பொய் இல்லை, காரணம்தான் இல்லை. கடைசியில், ஆரம்பத்திலிருந்தே ஒற்றைக் கழியில் குதித்துக் குதித்துப் பின்தொடர்ந்த கிழங்குத் தலைச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு சோஃபி ஒரு முத்தம் கொடுக்க, அதுவே காணாமல் போன ராஜகுமாரன் என்று தெரியவர, அரசவை மந்திரவாதினி சுலிமன் நாற்காலியில் இருந்தபடியே இந்த அசட்டுச் சண்டையை முடித்துவிடலாம் என்று தீர்மானித்துவிடுகிறாள். 119 நிமிஷப் படத்தில் சமாதான உடன்படிக்கைக்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்கப்படவில்லை. இதற்குச் சற்று முன்னால் சோஃபி கால்சிஃபரை வெளியே எடுத்து மாளிகையைப் பொலபொலவென்று இடியச் செய்து, அடுத்த கணமே திரும்ப உள்ளே கொண்டுபோய் மிஞ்சியதை நடக்கச் சொல்லுகிறாளே, அதன் தாத்பரியத்தை மாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் காபி போடப் போயிருப்பேன்.

சோஃபியின் வயது நிலையாக இல்லை என்பதையும் ஒரு குறையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. தூக்கத்தில் குமரி, விழித்தால் கிழவி, ஹவுலுக்காகத் துணிந்து வாதாடும்போது மறுபடி குமரி. சாபம் எப்போது நீங்கியது என்று படத்தில் ஒருவரும் சொல்லுவதில்லை, தலை மட்டும் வெள்ளியாகவே நின்றுவிடுகிறது. எனக்கு இதில் ஆக்ஷேபம் இல்லை. பயப்படுகிறபோது வயது கூடுவதும், பயம் விட்டபோது குறைவதும் மனித சுபாவம். இரண்டு சோஃபிக்கும் குரல் கொடுத்தவர், அப்போது 60 வயதைத் தாண்டியிருந்த சியேகோ பைஷோ என்ற ஒரே நடிகைதான் என்பதை அறிந்த பிறகு, யார் எப்போது எந்த வயதில் இருக்கிறார்கள் என்று நான் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஜோ ஹிசாய்ஷியின் வால்ட்ஸ் சங்கீதமும் அந்தக் கணக்கை மறக்கடிக்கத் தாராளமாக உதவி செய்கிறது.

மந்திர சக்தியை இழந்து தள்ளாத கிழவியாகிவிட்ட அந்தச் சூனியக்காரியை, அவளால் சபிக்கப்பட்ட சோஃபியே வீட்டில் வைத்துப் பராமரிக்கிறாள். இதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. வீட்டில் ஒரு வயதான மனுஷி இருக்கிறாள், அவளைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் படத்துக்குக் குடித்தனம் நடத்தத் தெரிகிறது, ராஜ்யபாரம்தான் தெரியவில்லை.

கதைக் கட்டுக்கோப்பு வேண்டுகிறவர்களுக்கு அதே மியாசாகி 2001-இல் எடுத்த ‘ஸ்பிரிட்டட் அவே’ இருக்கிறது. மற்றவர்கள் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பார்ப்பது உத்தமம். யுத்தம் எதற்கு என்று மட்டும் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டாம்.