ஊசி குத்திக்கொண்டு வா தம்பி

2025 ஜூனில் கொக்கைன் வழக்கில் சென்னையில் சினிமா நடிகர்கள் கைதானார்கள். தொலைக்காட்சிக்கு நல்ல தீனி. பழவேற்காட்டுக்கும் கொக்கைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்களின் வாரிசுகள்தான் 1900-ல் ஆம்ஸ்டர்டாமில் கொக்கைன் ஆலையே திறந்தார்கள். இலை ஜாவாவிலிருந்து போனது. அதே ஆம்ஸ்டர்டாமில் 1979 முதல் ஹெராயின் அடிமைகளைத் தேடி மெத்தடோன் பேருந்தும் ஓடியது. பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்ல மாட்டேன். பேருந்தாவது விட்டார்கள்.

மெத்தடோனும் புப்ரினார்பினும் அபின்வகைப் போதையின் தவிப்பை அடக்கும். கொக்கைன் ஆசையை? 1989-ல் அமெரிக்க ஆய்வகக் குரங்குகள் புப்ரினார்பின் ஏறியதும் கொக்கைனைக் குறைத்துக்கொண்டன. ஆய்வாளர்களுக்கு ஒரே குதூகலம். மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்தபோது மெத்தடோனைவிட அது பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஹெராயினை விட்ட பலர் கொக்கைனை விடவில்லை. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை இன்றுவரை இல்லை. இருப்பதாகச் சொல்லிக் காசு கேட்பவன் திருடன்.

போகட்டும். மருந்து இருக்கிற போதைக்கு என்ன கிழித்தோம்? 2019-ல் அரசே வெளியிட்ட கணக்கில், இந்தியாவில் அபின்வகைப் போதைக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். சென்னை வட்டாரத்தில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் வலி மாத்திரை டேபென்டடாலும் இந்த வகைதான். ஆனால் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் புப்ரினார்பின் திட்டம் ஊசி ஏற்றுபவர்களுக்காக வகுத்தது. மாத்திரையை விழுங்குபவன் இன்னும் தேறவில்லை. ஊசி குத்திக்கொண்டு வா தம்பி, அப்புறம் பார்க்கலாம்!

தேறி வந்தாலும் வழக்கமான விதிப்படி தினமும் வர வேண்டும், ஊழியர் கண்முன் நாக்கடியில் வைத்துக் கரைக்க வேண்டும். பழவேற்காட்டின் கோட்டைக்குப்பத்துக்காரன் ஏரியில் வலை போடுவது பாடு முறையில், அதாவது முறை வைத்து. தன் பாடு வரும் நாளில் மருந்துக்கு பஸ் ஏறினால் இறால் போச்சு. மருந்து கொடுக்கும் மையம் பக்கத்துப் பொன்னேரியிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டாலும் கதை இதுதான்.

அன்றாட விநியோகத்தில் அரசுக்கு அனுபவம் போதாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். டாஸ்மாக் இருக்கிறதே! 2023-24-ல் வருமானம் 45,855 கோடி ரூபாய். அங்கே ஊசித் தழும்பு பார்ப்பதில்லை, பதிவேடு இல்லை, ஊழியர் கண்முன் விழுங்கவும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அளவு உங்கள் விருப்பம்.

அந்தப் பக்கம், 2022 ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகள் கையை நீட்டிப் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். போலீஸ் 'கஞ்சா வேட்டை' 2.0, 3.0, 4.0 என்று செல்போன் செயலி மாதிரி எண் போட்டு வேட்டையாடியது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்து மீனவர்கள் மெத்தனால் சாராயத்தில் செத்தார்கள். அதற்கு எண் போடவில்லை.

2020 ஊரடங்கில் புப்ரினார்பினைப் பல நாளுக்குச் சேர்த்து வீட்டுக்கே கொடுக்க அனுமதித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஐயா, டாஸ்மாக் பாட்டிலுக்கு இருக்கிற மரியாதையில் பாதியை அந்த மாத்திரைக்கும் கொடுங்கள். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை வையுங்கள், ஊசித் தழும்பு கேட்காமல்.