மட்டையும் நரம்பும்

மர மட்டையால் ஆடித் தோற்றேன். விலையுயர்ந்த கிராஃபைட் ராக்கெட் வாங்கியும் தோற்கிறேன். குற்றம் மட்டையுடையதா, என்னுடையதா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் பரிகசிப்பது வழக்கமாயினும், பனிச்சறுக்குப் பலகைகள் செய்து தனவந்தரான ஹோவர்ட் ஹெட் என்னும் அமெரிக்கப் பொறியியலார், ஓய்வுகாலத்தில் டென்னிஸ் பயிலப் புகுந்து, பந்து ஓரத்தில் பட்டுப் பட்டு மட்டை உள்ளங்கையில் திருகிக்கொள்ளும் அவஸ்தை பொறாமல், கூடத்தையே இடித்துக் கட்டியவர்போல, சுமார் 70 சதுர அங்குலமே இருந்த மட்டை முகத்தை 110ஆக விஸ்தரித்து 1976இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். ஆகவே தங்கள் கட்சியிலும் சிறிது நியாயம் உண்டு. அகன்ற முகம், நடுவை விட்டு விலகிப் பட்ட பந்தை மன்னிக்கும். பந்தருகே போய்ச் சேராத கால்களை மன்னிக்கும் மட்டையை அவரும் செய்யவில்லை.

முழங்கை வலிக்கிறது. நரம்பை இன்னும் இறுக்கலாமா?

எந்த நரம்பை, ஐயா? மட்டையினுடையதாயின், இறுக்க இறுக்கப் பந்தின் வேகம் குன்றி, அதிர்ச்சி மட்டும் கைக்கு ஏறுமாதலால், சற்றே தளர்த்தி, விறைத்த பாலியெஸ்டரைக் களைந்து மிருதுவான நைலானைக் கட்டச் சொல்லுங்கள். தங்களுடையதாயின், கடைக்காரரை விட்டு வைத்தியரிடம் போங்கள்.