அங்கிட்டுப் போகச் சொன்னா இங்கிட்டு

கம்பம் பள்ளத்தாக்கில் என் தலைமுறைக்குக் கிடைத்த முதல் ரிமோட் ஒரு கவைக்குச்சி. கோடையில் தின்றுவிட்டுப் போட்ட நுங்குக்காய் இரண்டை எடுத்து ஒரு குச்சியில் கோத்தால் சக்கரமும் அச்சும் தயார். நடுவில் நீளமான கவைக்குச்சியை வைத்துத் தள்ளினால் வண்டி. திருப்பினால் திரும்பும், நின்றால் நிற்கும், பேட்டரி கேட்காது, காய்ந்துபோனால் அடுப்புக்கு ஆகும். இத்தனை நல்ல குணங்கள் இருந்தும், நுங்கு வண்டி ஓட்டுகிறான் என்று எங்கள் தெருவில் எவரும் நின்று பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் அந்த நிலைமை மாறியது. அப்போது நாங்கள் மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான். சென்னையில் வேலை பார்த்த சின்ன மாமா சின்னமனூருக்கு வந்து இறங்கினார். மடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் சிவப்பு நிறத்தில் கார், பக்கத்தில் ஏரியல் வைத்த ஒரு சின்ன டப்பா. "சிங்கப்பூர் சாமான்" என்றார் மாமா. மாமா அதுவரை போன கடல்வழிப் பயணம் மெரினாவில் முழங்கால் நனைத்தது மட்டும்தான். பெட்டி வந்தது பர்மா பஜாரிலிருந்து என்பது அத்தைக்குத் தெரியும். ஆனால் பிறந்த வீட்டுக்காரர் முன்னால் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்கிற வழக்கம் அத்தைக்கு இல்லை.

கார் எனக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓட்டும் உரிமை மட்டும் வயது வரிசைப்படி வந்தது. தெருவில் சாக்கடையும் சாணியும் இருந்ததால் நெல் காயப்போடும் சிமென்ட் களம்தான் சோதனை ஓட்டத்துக்கு லாயக்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். முதலில் மாமா, பிறகு பெரியப்பா, அப்பா, களத்துக்குக் காவல் இருந்தவர், நெல் அளக்க வந்தவர், வழியோடு போன போஸ்ட்மேன். என் வேலை, கார் எங்கே போய் முட்டுகிறதோ அங்கே ஓடி, எடுத்து, திருப்பி வைப்பது. ஆக, அந்த ரிமோட் காருக்கு உண்மையான ரிமோட் நான்தான்.

ஏனென்றால் அந்த டப்பாவில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். காரின் வயிற்றில் உள்ள சுவிட்சைப் போட்டதும் அது யார் பேச்சுக்கும் காத்திராமல் முன்னால் ஓடத் தொடங்கிவிடும். பொத்தானை அமுக்கினால் பின்னுக்கு வந்து ஒரு பக்கமாகத் திரும்பும். விட்டால் மறுபடி முன்னால். நிறுத்துவதற்குப் பொத்தானே கிடையாது. துரத்திப் பிடித்து, கவிழ்த்து, சுவிட்சை அணைக்க வேண்டும். வலது பக்கம் போக வேண்டுமானால், இடது பக்கமாகப் பலமுறை பின்வாங்கி அந்தத் திசைக்கு வந்துசேர வேண்டும். பெரியப்பா வியர்த்துப்போய்ச் சொன்னார்: "இதென்னடா, அங்கிட்டுப் போகச் சொன்னா இங்கிட்டுப் போகுது. இதுக்கா இம்புட்டு விலை?"

கார் சொன்னபடி கேட்காததற்கு ஏரியல்மீது சந்தேகம் விழுந்தது. ஆளாளுக்கு அதை முழு நீளத்துக்கு இழுத்து, தூண்டில் போடுகிறவர்கள் மாதிரி காரை நோக்கி நீட்டிப் பிடித்தார்கள். குச்சி ஏரியலுக்கு அதன் நுனி பார்க்கும் திசையில்தான் அலை மிகக் குறைவாகப் போகும். பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும். செங்குத்தாகப் பிடித்தவருக்கே கார் கொஞ்சமாவது அடங்கியிருக்கும். அந்தக் களத்தில் இது எவருக்கும் தெரியாது. குறி வைப்பதுதான் நியாயம் என்று பட்டது, வைத்தார்கள். நடுவே யாராவது டிவிஎஸ் 50-ஐ மிதித்துக் கிளப்பினால், இன்ஜின் பொறியின் இரைச்சலையே கட்டளையாக எடுத்துக்கொண்டு கார் தன்னால் ஒரு குலுங்கு குலுங்கும். அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

அப்பத்தா மட்டும் கிட்டே வரவில்லை. திண்ணையில் இருந்தபடியே, "உள்ள எலி கிலி விட்டிருக்கானுங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்திருக்க வேண்டியதில்லை. பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து எங்கள் பக்கம் இறங்கியது 1895-ல். அதற்கு 3 ஆண்டு கழித்து, 1898-ல், நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நிகோலா டெஸ்லா தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்னப் படகை விட்டு, கம்பியில்லாமல் திருப்பிக் காட்டினார். உள்ளே பழக்கிய குரங்கு இருக்க வேண்டும் என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம். நியூயார்க் குரங்கோடு ஒப்பிட்டால், காரின் அளவுக்குப் பொருத்தமாக எலியைச் சொன்ன அப்பத்தாவின் கணக்கு துல்லியமானது. டெஸ்லா அந்தப் படகை எதிர்காலப் போர்க்கருவியாகக் கண்டார். அது விளையாட்டுச் சாமானாகப் பல காலம் பிடித்தது. இத்தாலியின் எலெட்ரோனிகா ஜோகட்டோலி நிறுவனம் 1966-ல் ஒரு ஃபெராரியை 12-ல் ஒரு பங்கு அளவில் ரேடியோவால் ஓடும் பொம்மைக் காராக விற்றது. அங்கிருந்து சின்னமனூர்க் களத்துக்கு வந்துசேர, இன்னும் இருபது ஆண்டுக்கு மேல்.

களத்தில் நின்றவர்களில் ஒருவர் பந்தய மாடு வளர்ப்பவர். எங்கள் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் மாடுகளைத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பிரித்து ஓட்டுவார்கள். அவர் காரைக் கையில் வாங்கி, சக்கரத்தைச் சுண்டி, அடிவயிற்றைப் பார்த்து, "தட்டான்சிட்டுலகூடச் சேத்துக்க மாட்டாங்க" என்று தீர்ப்பு எழுதினார். பிறகு ரிமோட்டை வாங்கினார். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் நாக்கை மடித்து மாட்டை அதட்டும் சத்தத்தையும் சேர்த்தே கொடுத்தார். அன்றைக்கு நெல்லில் ஏறாமல் களத்தைச் சுற்றிவந்தது அவர் ஓட்டும்போதுதான். பொத்தானால் நடந்ததா, அதட்டலால் நடந்ததா என்று பெரியப்பாவுக்கும் போஸ்ட்மேனுக்கும் வெகுநேரம் வாக்குவாதம்.

பென்சில் பேட்டரிகள் சாயங்காலமே செத்துப்போயின. லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து விழும் பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து ஊருலகத்துக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானோ நாலு பேட்டரியை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் சூடானால் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வரும், களத்தில் பாதித் தூரம் ஓடும், பிறகு முனகும். வற்றல், வடகம், பேட்டரி மூன்றுக்கும் சேர்த்துக் காக்கா விரட்டுவது அப்பத்தாவின் பொறுப்பு. எலி இல்லை என்று தெரிந்த பிறகு அவளுக்குக் காரோடு பகையில்லை.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தது. தீச்சட்டியும் ராட்டினமும் கடைவீதியும் பார்த்துத் திரும்பியவர்களில், மேலத்தெருப் பையன் ஒருவன் கையில் என் காருக்கு உடன்பிறப்பாக ஒரு நீலக் கார். அது சில நாளில் ஒரு ஜீப்பின் சக்கரத்தில் அகப்பட்டு நசுங்கியது. விடியற்காலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள், திரும்பி வரும்போது பொம்மைக்கெல்லாம் பிரேக் போடுவதில்லை. கார் போயிற்று, அவனிடம் ரிமோட் மட்டும் மிஞ்சியது.

அதன் பிறகு என் கார் எனக்குக் கட்டுப்படுவதை அடியோடு நிறுத்தியது. நான் அமுக்காமலே பின்வாங்கும். அமுக்கினால் கூடுதலாகச் சுற்றும். பேட்டரிக் கோளாறு என்றார் அப்பா, கண்ணேறு என்றாள் அம்மா. காரணம் களத்து மூலையில் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றது, டிராயர் பாக்கெட்டிலிருந்து ஏரியல் எட்டிப்பார்க்க. அந்தக் காலத்து மலிவுப் பொம்மைகளில் பெரும்பாலானவை 27 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவை. அந்தக் கார்களுக்கு எஜமானைத் தெரியாது, அலைவரிசையைத்தான் தெரியும். பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசினார்கள். வண்டி ஒருவனுடையது, ஓட்டுவது இன்னொருவன் என்பது அவர்களுக்குப் புதிய வழக்கல்ல. அணை நிற்பது கேரளத்தில், அதை இயக்குவது தமிழ்நாடு. தேக்கடியில் மதகைத் திறந்தால்தான் இங்கே 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு நாற்றுப் பாவலாம் என்று 1886-ல் போட்ட 999 வருடக் குத்தகையில் வாழ்கிறவர்கள். முறை வைத்து ஓட்டச் சொன்னார்கள். நாங்கள் முறை வைக்காமல் ஒரே சமயத்தில் அமுக்கினோம். இரண்டு பேர் கட்டளைக்கு நடுவில் அகப்பட்ட கார் என்ன செய்யும் என்பதைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம் வந்தது.

இப்போது கதை வேறு. மகளுக்கு ஒரு கார் வாங்கினோம். போனில் படம் பார்த்துத் தொட்டதுதான், வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில் திரும்பப் போடிக்கு வர 2023 ஜூன் ஆயிற்று. பார்சல் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியின்மேல் ஐஎஸ்ஐ முத்திரை. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏற்றினார்கள். சிங்கப்பூர் சாமான் என்று சொன்னால் இப்போது மரியாதை வராது, பில் எங்கே என்று கேட்பார்கள்.

நாலு சக்கரத்துக்கும் விசை, ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி, முன்னும் பின்னும் பக்கமும் தனித்தனிப் பொத்தான். 2005-லேயே அரசு உரிமம் வேண்டாம் என்று விட்டுவிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. சுவிட்சைப் போட்டதும் காரும் ரிமோட்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துகொள்கின்றன. அதன்பின் மேலத்தெரு முழுக்க ரிமோட்டோடு வந்து நின்றாலும் அசையாது. மகள் வாங்கினாள். டைல்ஸ் தரையில் நாற்காலிக் கால்களுக்கு நடுவே எட்டுப் போட்டாள். சோபா ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினாள். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிச் சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு நான் ஓட்டிப் பார்த்தேன். அப்பா ஓட்டிப் பார்த்தார். வயது வரிசை தலைகீழானது ஒன்றுதான் வித்தியாசம். அங்கிட்டு என்றால் அங்கிட்டுப் போனது, இங்கிட்டு என்றால் இங்கிட்டு வந்தது. யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை, எதையும் எடுத்துத் திருப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை. தெருவிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நுங்கு வண்டிக்கு நேர்ந்த கதிதான். சொன்ன பேச்சைக் கேட்கிறதை வேடிக்கை பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது?

அந்தப் பெட்டியிலேயே கைக்கடிகாரம் மாதிரி இன்னொரு ரிமோட்டும் இருந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையைச் சாய்த்தால், உள்ளிருக்கும் உணரி அந்தச் சாய்வைக் கண்டு காரை அந்தப் பக்கம் ஓட்டும். மகள் அதை விளையாட்டாக என் அம்மாவின் கையில் கட்டிவிட்டாள். அம்மா கை பேசாமல் வாய் பேசமாட்டாள். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் நடந்த அவமரியாதையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்போதுதான் சொல்லத் தொடங்கினாள். "நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், அவ அந்தப் பக்கமா எலையப் போட்டுக்கிட்டே போறா" என்று கையை வீசினாள். கார் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தது. "கூப்புடுறேன், திரும்பியே பாக்கல" என்றதற்குப் பின்னுக்கு வந்து அக்காவின் காலில் ஏறியது. "எனக்கு வந்துச்சு பாரு கோவம்" என்றபோது குட்டிக்கரணம் போட்டது. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மகள் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். காரை எடுத்துத் திருப்பி வைக்கும் வேலை எனக்கே மறுபடி கிடைத்தது. அம்மா கடைசிவரை கவனிக்கவில்லை. இத்தனை பேர் அக்கறையாக வந்து கேட்கிறார்கள் என்று பந்தி விஷயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு இந்தச் சாமானெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவரிடம் இதைவிடப் பெரிய ரிமோட் இருக்கிறது. முன்பு மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, வரப்பிலேயே கண் அயர்வார். இப்போது மோட்டார் ரூமில் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர். கட்டிலில் படுத்தபடி மோட்டாருக்கு ஒரு போன் அடித்தால் வாழைக்குத் தண்ணீர் பாய்கிறது. ஒரு சிக்கல்: அவர் வாங்கிய பழைய வகை, எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும். ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு வங்கியின் ஆள், தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்க அந்தச் சிம்முக்கு அவ்வப்போது அழைக்கிறார். மோட்டாருக்குக் கடன் தேவையில்லை; அது பாட்டுக்கு ஓடத் தொடங்குகிறது.

மெக்கானிக் வந்து பார்த்தார். நம் எண்களை மட்டும் பதிந்துகொள்ளும் புது ஸ்டார்ட்டர் இருக்கிறது, மாற்றிவிட்டால் வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்காது என்றார். அப்பா வாழையைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கட்டும் தம்பி. பேங்க்குல இருந்து இத்தன வருசத்துல நமக்கு வட்டியில்லாமக் கெடச்சது இது ஒண்ணுதான்."