ஒரே சீலை, ரெண்டு கல்யாணம்

ஏலே பேராண்டி, இங்க வா. கண்ணு ரெண்டும் கோவப்பழமாச் செவந்து கெடக்கே, ராத்திரி தூங்கலையா? 'சூப்பர்மேன் 2' பாத்தியாக்கும். அதுவும் அசலு! 1980-ல வந்தது டூப்பு, 2006-ல வந்த டோனர் கட்டுதான் அசலுங்க. அப்ப 26 வருசமா சனம் பாத்தது என்னதுலே, பொம்மலாட்டமா?

கதையக் கேளு. ரிச்சர்டு டோனர்னு ஒரு மனுசன். 1977-ல சூப்பர்மேன் மொத படம், ரெண்டாவது படம் ரெண்டையும் சேத்தே எடுக்க எறங்குனாரு. ரெண்டாவதுல முக்காவாசி முடிஞ்சு போச்சு. ஆனா மொதலாளிமாரு சால்கைண்டு கூட ஓயாத மல்லுக்கட்டு. மொத படம் 1978-ல வந்து கல்லா நெறஞ்சுச்சு. நெறஞ்ச கையோட மனுசன வெளிய அனுப்பிட்டாங்க. நட்டவன் ஒருத்தன், அறுக்க வந்தவன் ரிச்சர்டு லெஸ்டர். ரெண்டு பேருக்கும் ஒரே பேருங்கறது ஆண்டவன் குசும்பு.

சூப்பர்மேனுக்கு அப்பனா வந்தவரு மார்லன் பிராண்டோ. அவருக்கு வசூல்ல பங்கு உண்டு. பங்கு கேக்கற அப்பன வீட்ல வச்சிருப்பானா எவனாவது? ரெண்டாவது படத்துல ஆளையே காணோம். அவரு சொல்ல வேண்டிய புத்திமதிய அம்மா வந்து சொன்னா. அம்மா புத்திமதி எந்த ஊர்லயும் செலவு கம்மிதானே!

பெறகு 2006-ல, மைக்கேல் தாவுன்னு ஒருத்தர் இங்கிலாந்துல பொட்டிக்குள்ள கெடந்த பிலிமையெல்லாம் தோண்டி எடுத்துத் தச்சாரு. அப்பனும் வந்துட்டாரு. சந்தோசம். ஆனா டோனரு எடுக்காமலே விட்ட காட்சிக்கு எங்க போக? அதுல ஒண்ணு, நயாகரா ஓட்டல் ரூம்ல காதலி லோயிஸு துப்பாக்கி எடுத்து, சாதா ஆளா கிளார்க்குங்கற வேசத்துல இருக்க சூப்பர்மேனச் சுடுத காட்சி. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால, ஆளு தேறுவானான்னு பாக்க எடுத்த டெஸ்ட்டு அது. அதுவும் அவனுக்கு ஒரு டெஸ்ட்டு, அவளுக்கு ஒரு டெஸ்ட்டு. ரெண்டையும் ஒட்டிட்டாங்க. உத்துப் பாரு. ஒரு ஷாட்ல சூப்பர்மேனா நடிச்ச கிறிஸ்டபர் ரீவ் ஒட்டடக்குச்சி, அடுத்த ஷாட்ல பயில்வான். முடி மாறுது, கண்ணாடி மாறுது. நெஞ்சுல குண்டு பாய்ஞ்சா ஒடம்பு ஊதுமாலே?

ஆனாலும் சொல்லுதேன், படத்துலயே ருசியான இடம் அதுதான். சுட்டும் விழலயேன்னதும் அவன் குட்டு ஒடைஞ்சு போச்சு. கூன விட்டு நிமுந்து, கொரலு மாத்திப் பேசுதான். அவ சிரிக்கா. துப்பாக்கியில இருந்தது வெத்துத் தோட்டாவாம்! இந்தக் காட்சிய 26 வருசம் பூட்டி வச்சவன் தலையில ஒரு கொட்டு வைக்கணும்.

இப்ப முடிவுக்கு வா. ஒலகத்தப் பின்னால சுத்தி, நடந்ததையெல்லாம் நடக்காததா ஆக்குதான்லா? அத மொதல்ல ரெண்டாவது படத்துக்குன்னுதான் வச்சிருந்தாங்க. மொத படத்துக்கு முடிவு தேவைப்படவும் உருவி அதுல மாட்டிட்டாங்க. அசலக் கொண்டாரேன்னு வந்தவங்க ரெண்டாவதுலயும் திரும்ப மாட்டிட்டாங்க. ஒரே சீலையக் கட்டிக்கிட்டு ரெண்டு கல்யாணத்துக்கும் போனா, பந்தியில பொம்பளைங்க பேச மாட்டாளுகளா?

அதையும் விடு. நடுவுல சூப்பர்மேன் சக்தி இல்லாம நின்னப்ப சாப்பாட்டுக் கடையில ஒரு லாரிக்காரன் அவன மூஞ்சில குத்துனான்ல? ஒலகத்தச் சுத்தியாச்சு. அந்தக் குத்தும் நடக்கல. லாரிக்காரன் அவன் மூஞ்சியப் பாத்ததே கெடயாது. சிவனேன்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். அவனத் தேடிப் போயி வெளுத்துட்டு, கிளார்க்கு ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி வாரான்.

எதுக்குலே அடிச்சான்? என்ன முழிக்க?

டைரக்டரோட விஷனா? சரி. அத அந்த லாரிக்காரன்ட்ட போயிச் சொல்லு.