துருவ இரவும் தூங்கா நகரமும்

அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கிவரும் இந்தியாவின் மைத்ரி நிலையம் தென் அட்சரேகை 70 பாகையையும் தாண்டி அமைந்திருப்பதால், அங்கே மே மாதப் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜூலைப் பிற்பகுதியில்தான் மீண்டும் தலைகாட்டும். துருவ இரவு எனப்படும் இக்காலத்தில் நண்பகலில் அடிவானத்துக்குக் கீழிருந்து சிறிது வெளிச்சம் கசிவதன்றி வேறு பகல் இல்லை. உறக்கம் குலைவதும் மனம் சோர்வதும் அங்கே இயல்பு. இச்செய்தி மதுரை மாட்டுத்தாவணி இரவுக்கடை முதலாளி ஒருவரின் காதில் விழ, உடற்கடிகாரம் பயின்று ஓய்வுபெற்ற நாகமலைப் பேராசிரியரோடு அவர் வாதிடுவதாகப் பின்வரும் உரையாடல் புனையப்பட்டுள்ளது.

முதலாளி: இரண்டு மாத இருட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, ஐயா? விடிய விடியப் பரோட்டாக் கல்லில் சூடு ஆறாத ஊரிலிருந்து பத்துப் பேரை அனுப்பினால், சூரியனை அங்கே யார் தேடப்போகிறார்கள்?

பேராசிரியர்: மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள நரம்பணுத் திரள் தேடும், அண்ணாச்சி. உடற்கடிகாரம் என்பது அதுதான். அதன் சுழற்சி பெரும்பாலோர்க்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், காலை வெளிச்சம் நாள்தோறும் திருத்தி வைக்காவிட்டால் உறங்கும் நேரம் பின்னுக்கு நகர்ந்துகொண்டே போகும்.

முதலாளி: கடிகாரம் பிந்தினால் முள்ளைத் திருப்பி வைத்தால் போயிற்று, அதற்கு ஆராய்ச்சி வேறா?

பேராசிரியர்: அந்த ஆராய்ச்சி நம்மூரிலேயே நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினரின் தனிமைக்கூடத்தில், கடிகாரமும் பகலொளியும் இன்றித் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் தங்க, அவர்களது உறக்கமும் விழிப்பும் தம்போக்கில் ஓடின. பிரான்சின் மிஷேல் சிஃப்ர் 1962இல் இரண்டு மாதம் நிலத்தடிக் குகையில் தங்கி வெளிவந்தபோது, செப்டம்பர் 14ஆம் நாளை ஆகஸ்ட் 20 என்றே எண்ணியிருந்தார்.

முதலாளி: அப்படியானால் என் தண்டல் கடன் வட்டியிலும் 25 நாள் குறையுமா? குறையாது, ஐயா. மாலை ஆறு மணியானால் அட்டையும் பேனாவுமாகக் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்கும் தண்டல்காரர், குகைக்குள்ளும் தவறாமல் வந்துவிடுவார்.

பேராசிரியர்: வந்தால் நல்லதே, வெளிச்சம் இல்லாத இடத்தில் நேரத்தை உணர்த்துவது சக உயிர்களின் நடமாட்டம். மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், மதுரையருகே இருண்ட குகையில் கூண்டிலிட்ட இலைமூக்கு வௌவால், மாலையில் பறந்து வெளியேறி விடியலில் திரும்பும் தன் கூட்டத்தோடு ஒத்த நேரத்திலேயே விழித்தது. கூட்டமில்லாத குகையிலோ அதன் நாள் 24 மணியிலிருந்து விலகியது. துருவ நிலையங்களில் உணவு நேரத்தைத் தவறவிடாமல் கூடி உண்பதற்கும், ஜூன் 21இல் நடுக்குளிர்கால விழா எடுப்பதற்கும் இதுவே காரணமாகலாம்.

முதலாளி: தண்டல் கொடுத்தவருக்கு இனி ஆராய்ச்சிப் பட்டமும் கொடுக்கலாம். வெளிச்சமும் வேண்டுமென்றால் கடையிலே பன்னிரண்டு குழல்விளக்குகள் எரிகின்றன.

பேராசிரியர்: சோர்வுக்குச் சிகிச்சையாக விடியற்காலையில் அரை மணி நேரம் காட்டப்படும் ஒளிப்பெட்டி ஏறத்தாழ 10,000 லக்ஸ், அதாவது வெளிச்சத்தை அளக்கும் அலகில் பத்தாயிரம், தரவல்லது, குழல்விளக்கு அறையில் சில நூறு லக்ஸே கிடைக்கும். அது உறக்கத்தைத் தள்ளிப்போடப் போதும், பகலுக்கு ஈடாகாது. இருக்கட்டும், கடையின் பரோட்டா மாஸ்டர் வெயிலை எப்போது பார்க்கிறார்?

முதலாளி: அவருக்கு ஏது வெயில்? அந்தியில் மாவு பிசைய வந்தால் விடியலுக்கு முன் முடிப்பார். பகல் முழுதும் சன்னலில் சாக்கைக் கட்டிக்கொண்டு உறங்குவார். பதினைந்து வருடமாக ஒரு புகார் சொன்னதில்லையே!

பேராசிரியர்: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுநேரப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்து, 2019இல் அதை மீண்டும் உறுதிசெய்தது.

முதலாளி: அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா, திருவிழாக் காலம், வேறு மாஸ்டர் கிடைக்கமாட்டார்.

மைத்ரியில் குளிர்காலம் தங்கச் செல்வோர் தில்லி எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனை முடித்து, அவுலியில் பனிப்பயிற்சி பெற்ற பின்னரே புறப்படுகின்றனர். பன்னிரண்டு மாதமும் இரவிலேயே வாழும் மாஸ்டரிடம் வேலைக்குச் சேரும் நாளில் கேட்கப்படுவது, ஓரிரவில் எத்தனை கிலோ மாவு வீசுவார் என்பது மட்டுமே.