கோழியூரில் ஒரு கோழி

உறையூரில் ஒருவர், தன்னைக் கோழி கொத்திவிட்டது என்று புலம்பினால் பெரிய அனுதாபம் கிடைக்காது. ஊரே கோழி ஜெயித்த ஊர். சோழனின் பட்டத்து யானையை ஒரு கோழி கொத்தி விரட்ட, இது வீரம் விளைந்த மண் என்று அவன் அங்கேயே தலைநகர் அமைத்தானாம். அதனால் கோழியூர். சிலப்பதிகாரத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. பஞ்சவர்ணசாமி கோயிலில் கோழி யானையோடு மோதும் சிற்பத்தைப் பார்க்கலாம். தேவாரத்தில் அந்தத் தலத்தின் பெயர் திருமூக்கீச்சரம். வைணவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 108 திவ்ய தேசங்களில் உறையூருக்குத் திருக்கோழி என்று பெயர்.

இப்படிப்பட்ட ஊரில்தான், பொன்மலை பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், பேரனுக்கு நாட்டுமுட்டை கிடைக்கட்டும் என்று ஒரு சிறுவிடைக் கோழி வாங்கினார். முட்டை வந்தது. வெயில் ஏறியதும் கோழியின் குணம் மாறியது. துவைக்க வைத்திருந்த துணிக்கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, அருகில் போனால் பந்துபோல் இறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமியது. வேட்டியை எடுக்கப்போன கையில் ரத்தம்.

"அடைக்கு உக்காந்திருக்குங்க, அத ஏன் நோண்டுறீங்க?" என்றார் மனைவி. கொத்து வாங்கியவர் பக்கம் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

மனைவி சொன்னதுதான் விஞ்ஞானமும். அடைக்காலத்தில் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுகிறது. முட்டையிடுவது நின்றுபோகும், இரை தின்னக்கூட எப்போதாவதுதான் எழுந்திருக்கும். கீழே முட்டை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலி வேட்டியைக்கூட 21 நாள் காக்கத் தயாராக இருக்கும் ஜீவனிடம் போய், 'இது என் வேட்டி' என்று வாதாடுவது வீண்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. தண்ணீரில் முக்கி எடு என்றார் ஒருவர். மூக்கில் இறகைச் செருகு என்றார் இன்னொருவர். இரண்டும் கிராமத்துப் பழைய வைத்தியங்கள்தான். இரண்டாவது வெறும் கொடுமை. அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில் சில நாள் விட்டால் வயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும் என்பதே கொஞ்சம் கௌரவமான வழி.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்த பழைய சகா காவேரிப் பாலம் தாண்டி வந்து விரலின் கட்டைப் பார்த்தார். "எங்க தெருவுல மாடுதான் ஓய். அதுவாவது தலைய ஆட்டிட்டு முட்டும்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "நம்பெருமாளே பங்குனியில உறையூர் வந்து கமலவல்லித் தாயாரோட சேர்த்தி கண்டுட்டுத் திரும்பினா, அங்க ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திடறார். மட்டையடி நடக்கறது. உமக்கு ஒரு கொத்துதானே?" அந்தப் பிரணய கலகத்தில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைப்பார். கோழிக்கும் மனிதருக்கும் நடுவே வர எந்த ஆழ்வாரும் இல்லை.

எல்லாக் கொத்தும் அடைக் கொத்து அல்ல. கால்மெட்டி மினுமினுத்தால் ஏதோ இரை என்று கொத்திப் பார்க்கும். சில கோழிகள் அந்தஸ்துக்காகவும் கொத்தும். நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பே, சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, யார் யாரைக் கொத்தலாம் என்று அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு என 1921-இல் எழுதினார். அலுவலக வாழ்க்கையை விளக்க உலகம் இன்றும் அதைத்தான் கடன் வாங்குகிறது. கொத்தும்போது துள்ளி ஓடினால், அந்த வரிசையில் நம் இடம் கீழே என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஓடாமல் நிற்க வேண்டும், உதைக்கக் கூடாது, இருட்டிய பிறகு, கண் சரியாகத் தெரியாமல் சாதுவாக இருக்கும் நேரத்தில் மெல்லத் தூக்கிப் பழக்கலாம்.

இதையெல்லாம் அவர் செய்து பார்க்கும் முன்பே, மனைவி அக்கம்பக்கத்தில் கருமுட்டை வாங்கி வைத்து முடித்துவிட்டார். குஞ்சுகள் பொரிந்தன. கோழி வேட்டியை விட்டது, வாசலைப் பிடித்துக்கொண்டது. இப்போது காக்கை, பூனை, தபால்காரர் என்று பேதமே இல்லை. குஞ்சுகள் வளர்ந்ததும் தாய்க்கோழி அவற்றையும் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டைக்கு வரும் என்கிறார் மனைவி. அதுவரை கேஸ் சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள்; பொன்மலையில் இரும்பு தூக்கியவர்தான் உருட்டிக்கொண்டு வருகிறார்.